பழைய ரீப்பர் ஒயரிங்கில் ஜாயின்ட்: எங்கே போடலாம், எதால் போடலாம்?

#1 · வளவுவீடு

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தேக்கு ரீப்பரில் (சுவரில் அறையும் மெல்லிய மரச் சட்டம்) கிளிப் அடித்த கறுப்பு ரப்பர் ஒயர். 1950களின் வேலை. மாடியில் இரண்டு அறைகளுக்கு 1970களில் அலுமினிய ஒயர் இழுத்திருக்கிறார்கள். அதற்கும் பிறகு, கீழே கீசருக்கும் ஏ.சி.க்கும் 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரைப் பழைய லைனோடு முறுக்கி, டேப் சுற்றி, ரவுண்ட் பிளாக்குக்கு (சுவரில் அடித்த வட்ட மரக் கட்டை) பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள். கீசர் ஓடும்போது அதில் ஒரு பிளாக் கை வைக்க முடியாத சூடு.

முறுக்கி டேப் சுற்றுவதை விதி அனுமதிக்கிறதா? பழைய ஒயரோடு புது ஒயரைச் சேர்க்க முறையான வழி எது? அலுமினியத்தை என்ன செய்வது? முழு ரீவயரிங் இந்த வருடம் முடியாது.

#2 · மெக்கர்500

முதல் வேலை: சூடாகும் அந்த லைனின் ஃப்யூஸ் கேரியரை (ஃப்யூஸ் கம்பி கட்டியிருக்கும் பிடி) கழற்றி வெளியே எடுத்து வையுங்கள். கீசர் சுவிட்சை அணைத்து வைத்தால் போதாது, வீட்டில் யாராவது மறந்து போடுவார்கள்.

முறுக்கி டேப் சுற்ற அனுமதி இல்லை. இந்தியாவில் வீட்டு ஒயரிங்குக்கான நடைமுறை விதி ஐ.எஸ். 732, இப்போது நடப்பில் இருப்பது 2019 திருத்தம். அதோடு தேசிய மின் விதித்தொகுப்பு, எஸ்.பி. 30, 2023 பதிப்பு. சட்ட பலம் உள்ளது மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறை. மத்திய பொதுப்பணித்துறையின் உள்மின் பணி விவரக்குறிப்பும் பல வருடமாகச் சொல்வது இதைத்தான்: ஓட்டத்தின் நடுவில் வெறும் ஜாயின்ட், முறுக்கு ஜாயின்ட் கூடாது. ஒயர் காயிலின் நீளம் போதாமல் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், முறையான கனெக்டர் வைத்து, திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் சேர்க்க வேண்டும்.

பழைய வேலையிலும் நல்ல வயர்மேன்கள் லூப்பிங் முறையில்தான் போனார்கள். சுவிட்சிலிருந்து சுவிட்சுக்கு, சீலிங் ரோஸிலிருந்து சீலிங் ரோஸுக்கு. சேர்க்கை எல்லாம் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் மட்டும். உங்கள் வீட்டின் 1950களின் பகுதியைத் திறந்து பார்த்தால் நடு ஜாயின்ட் அதிகம் இருக்காது. முறுக்கல் எல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

ஒரு ஜாயின்ட்டிடம் விதி எதிர்பார்ப்பது நான்கு. ஒயர் தாங்கும் கரண்டை அதுவும் தாங்க வேண்டும். இழுத்தால் வரக்கூடாது. ஒயரின் இன்சுலேஷனுக்குச் சமமான காப்பு வேண்டும். பிறகு, சோதிக்கக் கை எட்ட வேண்டும். டேப் சுற்றிய முறுக்கு முதல் நாள் கரண்டைத் தாங்கும். மற்ற மூன்றிலும் தோற்கும்.

#3 · வளவுவீடு

நன்றி ஐயா. கேரியரை எடுத்துவிட்டோம். ஒரு சந்தேகம்: ஃப்யூஸை மாற்றி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக இறங்கும் சுவிட்ச்) போட்டால், ஜாயின்ட் கெட்டதும் அது இறங்கிவிடாதா?

#4 · மெக்கர்500

இறங்காது. இந்த இழையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

எம்.சி.பி. அளப்பது கரண்டின் அளவை. தளர்ந்த ஜாயின்ட் லோடோடு வரிசையில் நிற்கிற ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸ். அது கரண்டைக் கூட்டாது, கொஞ்சம் குறைக்கவே செய்யும். ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் இறங்கும் சுவிட்ச்) பார்க்காது, ஏனென்றால் ஃபேஸில் போன கரண்ட் முழுதாக நியூட்ரலில் திரும்பி வந்துவிடுகிறது.

கணக்கு இப்படி. ஜாயின்ட்டில் 0.1 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். 13 × 13 × 0.1 = கிட்டத்தட்ட 17 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் அளவு வெப்பம், காற்றுப் போகாத மரக் கட்டைக்குப் பின்னால், உலர்ந்த தேக்கின் மேல், தினமும் அரை மணி நேரம். அதே ஜாயின்ட்டில் 60 வாட் குண்டு பல்பு எரிந்த காலத்தில் உண்டான வெப்பம் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்பதற்கு பதில் இதுதான். வெப்பம் கரண்டின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஜாயின்ட் மாறவில்லை, லோடு மாறிவிட்டது.

சூடானால் காப்பர் மேல் ஆக்ஸைடு படியும், பிடி தளரும், ரெசிஸ்டன்ஸ் கூடும், மறுபடி சூடு. தானாக அது சரியாகாது.

#5 · ஈயப்பற்று

மெக்கர் சார் சொன்னது வெறும் முறுக்குக்குப் பொருந்தும். முறுக்கு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐ.டி.ஐ.யில் இன்றைக்கும் மேரீட் ஜாயின்ட், டீ ஜாயின்ட், பிரிட்டானியா ஜாயின்ட் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். முறைப்படி முறுக்கி, ரோசின் ஃப்ளக்ஸ் வைத்து, 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) ஓட விட்டு, முதலில் ரப்பர் டேப், அதன் மேல் காட்டன் டேப் சுற்றிய ஜாயின்ட் ஐம்பது வருடம் கழித்துப் பிரித்தாலும் உள்ளே பளபளவென்று இருக்கும். அதை வெட்டிவிட்டு ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் போடுவது முன்னேற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#6 · மெக்கர்500

ஒத்துக்கொள்கிறேன். நன்றாக ஈயம் பற்றவைத்த பழைய ஜாயின்ட், திறக்கக்கூடிய பெட்டிக்குள் இருந்து, லோடு லைட்டும் ஃபேனும் மட்டும் என்றால் அதைத் தொட வேண்டாம். ஆட்டினால் பக்கத்து ரப்பர்தான் உதிரும்.

புதிதாகப் போட நான் சொல்ல மாட்டேன். முதல் காரணம், 60/40 ஈயம் 183 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும், அதற்கு முன்பே மென்மையாகிவிடும். அதனால் பவர் சர்க்யூட்டில் ஈய ஜாயின்ட்டைத் தவிர்க்கச் சொல்கிறது ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேசத் தரநிலை. போட்டே ஆக வேண்டும் என்றால் ஈயம் மெல்ல வழிவதும், இயந்திர அழுத்தமும், பழுதின்போது ஏறும் சூடும் கணக்கில் வர வேண்டும் என்கிறது. பிடியை முறுக்கு கொடுக்க வேண்டும், ஈயம் கொடுக்கக்கூடாது. இரண்டாவது, இப்போது கடையில் கையில் கிடைப்பது பெரும்பாலும் அமிலம் கலந்த பேஸ்ட். துடைக்காமல் விட்டால் பச்சைப் பூத்து அரித்துவிடும். மூன்றாவது, தேக்கு ரீப்பருக்குப் பக்கத்தில் அயர்னோ ப்ளோ லாம்ப்போ பிடிப்பதே ஆபத்து.

ஈயம் பூசிய நுனியை ஸ்க்ரூ டெர்மினலில் இறுக்கவே கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழிந்து ஸ்க்ரூ தளர்ந்துவிடும். மல்டிஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழை) நுனிக்கு ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாய் போட்டு க்ரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்தி இறுக்குங்கள்.

#7 · ஈயப்பற்று

அமில ஃப்ளக்ஸ் பற்றிச் சொன்னது உண்மை. ரோசின் கிடைக்காவிட்டால் ஈய வேலையே வேண்டாம்.

#8 · ஜங்ஷன்பாக்ஸ்

வளவுவீடு, முதல்ல அளவு தெரிஞ்சுக்கோங்க. பழைய ஒயர் எஸ்.டபிள்யூ.ஜி. (பழைய பிரிட்டிஷ் கம்பி கேஜ்) கணக்குல இருக்கும், முதல் எண் இழை எத்தனைன்னு, ரெண்டாவது கேஜ்.

1/18 ஒத்தைக் கம்பி, 1.2 சதுர மி.மீ. கிட்ட. 3/22 மூணு இழை, அதுவும் ஏறக்குறைய 1.2 தான். 3/20 எடுத்தா 2.0. 7/22 ஏழு இழை, 2.8. 7/20 போனா 4.6. வெர்னியர் இருந்தா ஒரு இழையை அளங்க: 18 கேஜ் 1.22 மி.மீ., 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71.

லைட் லைன் பெரும்பாலும் 1/18 இல்லன்னா 3/22. அதோட 2.5 ஒயரைச் சேர்த்து கீசர் ஓட்டுனா, உலகத்துலயே நல்ல கனெக்டரை வாங்கிப் போட்டாலும் வேலை தப்பு. புது ஒயர் தடிமனா இருக்கிறதால பின்னாடி இருக்கிற பழைய ஒயர் தடிமனாகிடாது. ஒரு சர்க்யூட்டுக்கு எம்.சி.பி. போடுறது அதுல இருக்கிறதுலயே மெல்லிசான ஒயரைப் பார்த்து. 1/18 இருந்தா 6 ஆம்பியருக்கு மேல போடாதீங்க. லைட்-ஃபேன் சர்க்யூட்டுக்கு ரொம்ப நாளா இருக்கிற வரம்பு 10 பாயின்ட், 800 வாட். கீசர், ஏ.சி. ரெண்டுக்கும் டி.பி.யில (ஃப்யூஸ், எம்.சி.பி. இருக்கிற பெட்டி) இருந்து தனித்தனியா ஜாயின்ட் இல்லாம புது ஒயர். அதுல எந்தச் சமரசமும் கிடையாது. இதைச் செஞ்சாலே உங்க வீட்டுல ஆபத்தான ஜாயின்ட் பாதிக்கு மேல காணாமப் போயிடும்.

#9 · வளவுவீடு

கீசர், ஏ.சி. தனி லைன் இந்த மாதமே செய்துவிடலாம், பி.வி.சி. கேசிங் கேப்பிங்கில். மிச்சமுள்ள லைட் லைனில் எட்டு, பத்து இடத்தில் முறுக்கு இருக்கிறது. அதை எப்படிச் சரி செய்வது? படிப்படியாகச் சொன்னால் எங்கள் வயர்மேனிடம் காட்டுவேன்.

#10 · ஜங்ஷன்பாக்ஸ்

உரிமம் இருக்கிற வயர்மேன் செய்யட்டும். பல்பு, ஃபேன், சுவிட்ச் மாத்துறது தவிர மத்த ஒயரிங் வேலையை மின் உரிமம் வழங்கும் வாரியத்தோட உரிமம் உள்ளவங்கதான் செய்யணும்.

மெயினை அணைச்சா மட்டும் பத்தாது. இன்வெர்ட்டர் இருக்கா? அதோட அவுட்புட்டையும் பிரிங்க. இன்வெர்ட்டர் லைன் பழைய லைட் லைன்லதான் கலந்திருக்கும். மெயின் ஆஃப் ஆன அடுத்த நொடி அது சப்ளை கொடுக்கும். நியான் டெஸ்டரை நம்பாதீங்க, டெஸ்ட் லாம்ப் வெச்சு ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூணையும் பாருங்க. பழைய வீட்டுல சுவிட்சை நியூட்ரல்ல போட்டிருப்பாங்க, நியூட்ரலுக்கும் தனி ஃப்யூஸ் வெச்சிருப்பாங்க. அந்த நியூட்ரல் ஃப்யூஸ் போனா லைட் எரியாது, ஆனா ஃபேஸ் உயிரோட நிக்கும். நியூட்ரல்ல தனி ஃப்யூஸோ தனி சுவிட்சோ விதிப்படி கூடாது, கண்ட இடத்துல எடுத்துடுங்க.

பிரிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. ரப்பர் ஒயர் எல்லாம் கறுப்பு, நிறத்தை வெச்சு எதையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நுனியிலயும் சிவப்பு, கறுப்பு ஸ்லீவ் மாட்டுங்க.

முறுக்கை அவிழ்க்காதீங்க, வெட்டி எடுங்க. சூடுபட்ட காப்பர் கறுத்து நொறுங்கும். பளபளப்பான காப்பர், வளையுற இன்சுலேஷன் வர்ற வரைக்கும் பின்னாடி வெட்டணும். ரப்பரை மெதுவா ஒரு தடவை வளைச்சுப் பாருங்க. விரிசல் விட்டா இன்னும் பின்னாடி போங்க. எங்க வெட்டினாலும் விரிசல்தான்னா அந்த ஒயருக்கு ஜாயின்ட் கிடையாது, அடுத்த பாயின்ட் வரைக்கும் மாத்தணும்.

ரப்பர் ஒயர்ல காப்பர் மேல வெள்ளீயப் பூச்சு இருக்கும். ரப்பர்ல இருக்கிற கந்தகம் காப்பரை அரிக்காம இருக்கப் பூசினது அது. துணியால துடைச்சா போதும், பிளேடால சுரண்டாதீங்க. ஒத்தைக் கம்பியில பிளேடு கீறல் விழுந்தா அந்த இடத்துலதான் பிற்பாடு ஒடியும்.

லீவர் கனெக்டர் வாங்குங்க. வாகோ 221 மாதிரி: 4 சதுர மி.மீ. வரைக்கும் ஒத்தைக் கம்பியும் மல்டிஸ்ட்ராண்டும் ஏத்துக்கும், 32 ஆம்பியர். 1/18 ஒத்தைக் கம்பியோட 22/0.3 (0.3 மி.மீ. இழை 22) மல்டிஸ்ட்ராண்ட் 1.5 ஒயரைச் சேர்க்கிறதுக்கு இதுதான் சரி. முறுக்குனா மெல்லிய இழைதான் தடிச்ச கம்பியைச் சுத்தும், கம்பி வளையாது, ரெண்டு மழைக்காலத்துல தளர்ந்துடும். 11 மி.மீ. உரிங்க, அளவு கனெக்டர் மேலயே இருக்கு. லீவரை மூடினதும் கண்ணாடி வழியா நுனி கடைசி வரைக்கும் போயிருக்கான்னு பாருங்க, ஒவ்வொரு ஒயரையும் தனியா இழுத்துப் பாருங்க. போலி நிறைய ஓடுது, கனெக்டர் உடம்புலயே ரேட்டிங் அச்சு இல்லன்னா வாங்காதீங்க.

பட்ஜெட் இல்லன்னா பித்தளை உள்ள ஸ்ட்ரிப் கனெக்டர், ஒயருக்கு ரெண்டு ஸ்க்ரூ உள்ளது, ஃபெரூலோட. ஒரு ஓட்டைக்குள்ள ரெண்டு ஒயரைத் திணிக்க வேண்டாம். பழைய பீங்கான் கனெக்டர் உடையாம இருந்தா, ஸ்க்ரூ துருப்பிடிக்காம இருந்தா அதையே திரும்பப் பயன்படுத்தலாம், நல்ல பொருள்.

கடைசியா பெட்டி. 100 × 100 × 50 மி.மீ. மேல்பூச்சு பி.வி.சி. பாக்ஸ், ரீப்பர் மேலயே ஸ்க்ரூ பண்ணலாம். ஒவ்வொரு ஒயருக்கும் 15 செ.மீ. உபரி உள்ள விடுங்க. அடுத்த தடவை வெட்டிச் சேர்க்க இடம் வேணும். மூடிக்கு உள்பக்கம் சர்க்யூட் எண் எழுதுங்க. உங்க கணக்குக்குப் பத்துப் பாக்ஸ், மூணு வழி கனெக்டர் 30, ரெண்டு வழி 20 எடுத்து வைங்க.

#11 · பரண்எலி

பெட்டி எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். பால்ஸ் சீலிங்குக்கு மேலே போட்டு மூடிவிட்டால் அது எட்டாத ஜாயின்ட்தான். லைட் துளைக்குப் பக்கத்தில் கை நுழைகிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு அடிக்கு ஒரு அடி மூடி விடுங்கள். பெயின்ட் அடிப்பவர் மூடியின் விளிம்பில் பட்டி பூசினாலும் அதே கதி. பரணில் எலி இருந்தால் ஒயர் நுழையும் ஓட்டைக்கு கிளாண்ட் (ஒயரைச் சுற்றி ஓட்டையை அடைக்கும் வளையம்) கட்டாயம்.

#12 · யாழ்_மின்கம்பி

எங்கட பக்கம் பழைய வீடுகளிலயும் இதே பிரச்சினைதான். 7/029 (0.029 அங்குல இழை ஏழு) எண்டு சொல்லுற பழைய வயரோட இப்பத்தைய 7/0.67ஐ (0.67 மி.மீ. இழை ஏழு) முறுக்கி விட்டிருப்பினம். இலங்கையில பிரித்தானிய ஒயரிங் விதி பி.எஸ். 7671ஐப் பின்பற்றித்தான் வேலை. அதிலயும் ஜாயின்ட் கைக்கு எட்ட வேணும். விதிவிலக்கு கொஞ்சம் இருக்கு: கலவை ஊத்தி அடைச்சது, ஈயம் பற்ற வைச்சது, சரியான கருவியால க்ரிம்ப் பண்ணினது, பிறகு பி.எஸ். 5733இன்படி எம்.எஃப். முத்திரை குத்தின பராமரிப்புத் தேவைப்படாத பெட்டி. அந்த முத்திரை பெட்டியும் கனெக்டரும் வயரைப் பிடிக்கிற கிளாம்பும் சேர்ந்ததுக்குத்தான். கனெக்டரை மட்டும் சுவருக்குள்ள வைச்சுப் பூசேலாது. பெட்டிக்குள்ள எத்தனை அம்பியர் எண்டது தயாரிப்பாளரின்ர தாளில கிடக்கும், அதையும் பாருங்கோ.

க்ரிம்ப் எண்டா ராச்செட் கருவியால. சிவப்பு 1.5 வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. குறட்டால நசுக்கினது க்ரிம்ப் இல்லை.

#13 · வளவுவீடு

எல்லோருக்கும் நன்றி. அலுமினியத்தை யாரும் தொடவில்லையே? மாடியில் 1/1.40 என்று ஒயரின் மேல் அச்சு இருக்கிறது.

#14 · மெக்கர்500

1/1.40 என்றால் 1.40 மி.மீ. ஒற்றைக் கம்பி, 1.5 சதுர மி.மீ. அலுமினியம். காப்பரைவிட ரெசிஸ்டன்ஸ் 1.6 மடங்கு, ஆக அது ஒரு சதுர மி.மீ.க்குக் கீழான காப்பருக்குச் சமம். லைட்டுக்கு மட்டும்.

அலுமினியத்தை உரித்த நொடியே மேலே ஆக்ஸைடு படியும், அந்தப் படலம் மின்சாரம் கடத்தாது. ஸ்க்ரூ அழுத்தத்தில் உலோகம் மெல்ல வழிந்து கொடுக்கும். சூட்டில் அது காப்பரைவிட அதிகம் விரியும்: டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு, காப்பர் 17. ஒவ்வொரு முறை லோடு ஏறி இறங்கும்போதும் ஸ்க்ரூவுக்குக் கீழே கொஞ்சம் நசுங்கி, கொஞ்சம் தளரும். காப்பரோடு நேரே முறுக்கினால் ஈரம் பட்டதும் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு, அரிபடுவது அலுமினியம். ஆகவே அலுமினியமும் காப்பரும் சேர்ந்த முறுக்கு உங்கள் வீட்டில் எங்கே இருந்தாலும் அதை முதலில் பிரியுங்கள்.

லீவர் கனெக்டர் இதற்கு வேண்டாம், 221 காப்பருக்கு மட்டும் என்று அதன் தாளிலேயே உள்ளது. அமெரிக்காவில் அலுமினிய ஒயரிங் உள்ள வீடுகளுக்கு அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்ட நிரந்தரத் தீர்வு மூன்றே: முழுதாகக் காப்பருக்கு மாற்றுவது, கோபாலம் என்ற குளிர் அழுத்த க்ரிம்ப், ஒவ்வொரு ஒயருக்கும் தனி அறையும் தனி ஸ்க்ரூவும் உள்ள அலுமிகான். பிந்திய இரண்டை நம் ஊர்க் கடையில் தேடி அலைவதைவிட இரண்டு அறைக்குக் காப்பர் இழுப்பது எளிது.

மாற்றும் வரைக்கும்: நுனியை ஒரு அங்குலம் வெட்டி, புதிதாக உரித்து, எமரித் தாளால் தேய்த்த உடனே ஆக்ஸைடு தடுக்கும் பேஸ்ட் தடவி, வெள்ளீயம் பூசிய பித்தளைக் கனெக்டரில் எதிரெதிர்ப் பக்கமாக, காப்பரும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடாமல். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து மறுபடி இறுக்கம் பாருங்கள். இது தற்காலிகம்தான்.

#15 · ஈயப்பற்று

அலுமினியத்துக்கு சாதாரண ஈயம் பற்றாது. "பற்ற வைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள்.

#16 · ஃபேஸ்மூன்று

நியூட்ரல் ஜாயின்ட்டைப் பற்றியும் பேச வேண்டும். பழைய சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்குப் பின்னால் த்ரீ ஃபேஸ் சர்வீஸ் வாங்கி, ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு, நியூட்ரலைப் பழைய ஒரே ஒயரில் விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பொது நியூட்ரல் முறுக்கு விட்டுப்போனால், இரண்டு ஃபேஸின் லோடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவில் வரிசையில் நிற்கும். குறைந்த வாட் உள்ள பக்கத்துக்கு அதிக வோல்ட் விழும். ஒரு பக்கம் கீசர், மறு பக்கம் டி.வி. என்றால் டி.வி.க்குக் கிட்டத்தட்ட 400 வோல்ட்டும் போகும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் கட்டாயம்.

ஆர்.சி.சி.பி. போட்டதும் "சும்மா சும்மா இறங்குது" என்ற புகாருக்கும் பல நேரம் இதுவே காரணம். ஒரே முறுக்கில் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் கட்டியிருப்பார்கள். போன கரண்ட் வேறு வழியில் திரும்புகிறது, கருவி கசிவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆர்.சி.சி.பி.யைக் கழற்றாதீர்கள், நியூட்ரலைப் பிரியுங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்.

#17 · வளவுவீடு

வேலை முடிந்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

#18 · மெக்கர்500

மெயின் ஆஃப், பல்புகளைக் கழற்றி, ஃபேன், டி.வி., இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிரித்து, சுவிட்சுகளை ஆனில் வைத்து 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனின் ரெசிஸ்டன்ஸை அளக்கும் கருவி) ஒரு நிமிடம். ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த், ஃபேஸ்-நியூட்ரல். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த சர்க்யூட்டுக்குச் சப்ளை கொடுக்கக்கூடாது. வெயில் காலத்தில் நன்றாகக் காட்டும் ரப்பர் ஒயர் ஐப்பசி மழையில் கீழே இறங்கும், ஆகவே மழையிலும் ஒரு முறை எடுங்கள்.

மெக்கர் இன்சுலேஷனைச் சொல்லும், ஜாயின்ட்டின் பிடியைச் சொல்லாது. அதற்கு லோடில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். புது கீசர் லைனை எடுத்துக்கொள்வோம்: டி.பி.யிலிருந்து 20 மீட்டர், 2.5 காப்பர். போக வர 40 மீட்டர், மீட்டருக்கு 7.41 மில்லி ஓம், மொத்தம் 0.3 ஓம். 2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர். 2.6 வோல்ட் குறைய வேண்டும். டி.பி.யிலும் பிளக்கிலும் ஒரே நேரத்தில் அளந்து 9 வோல்ட் வித்தியாசம் வந்தால், மிச்சம் 6.4 வோல்ட் எங்கோ ஒரு சேர்க்கையில் எரிகிறது: கிட்டத்தட்ட 56 வாட். பிளக் பின், சுவிட்ச் டெர்மினல், எம்.சி.பி. ஸ்க்ரூ என்று வரிசையாகத் தேடுங்கள். உயிருள்ள லைனில் அளப்பது, அதையும் உங்கள் வயர்மேனே செய்யட்டும்.

எர்த்தை மறக்க வேண்டாம். ரீப்பரோடு ஓடும் பழைய எர்த் கம்பி பாதி வழியில் அறுந்திருக்கும். எர்த் ஜாயின்ட்டுக்கும் கனெக்டர்தான், முறுக்கு இல்லை. ஒவ்வொரு பிளக்கின் எர்த் பின்னிலிருந்தும் டி.பி. வரை கன்டினியூட்டி பார்த்து எழுதி வையுங்கள்.

#19 · வளவுவீடு

இப்படி வரிசைப்படுத்தியிருக்கிறோம்: கீசர், ஏ.சி. தனி லைன், பிறகு நியூட்ரல் ஃப்யூஸ் எடுப்பது, ஆர்.சி.சி.பி.; பிறகு பத்துப் பாக்ஸ்; மாடி அலுமினியம் தை மாதம்.

#20 · ஜங்ஷன்பாக்ஸ்

வரிசை சரி. ஒண்ணு மட்டும் முன்னாடி கொண்டு வாங்க. மாடி சர்க்யூட்டுல இப்ப என்ன ஃப்யூஸ் கம்பி இருக்குன்னு இன்னைக்கே கேரியரைத் திறந்து பாருங்க. தடிச்ச கம்பி கட்டியிருந்தா எடுத்துட்டு 5 ஆம்பியர் கம்பி கட்டுங்க. தை மாசம் வரைக்கும் அந்த ரெண்டு அறையில இஸ்திரிப் பெட்டி மாட்ட வேண்டாம்.

#21 · வளவுவீடு

திறந்து பார்த்தோம், 15 ஆம்பியர் கம்பி. மாற்றியாயிற்று.